ஸ்பீக்கர்ல 'ஊஊய்ங்' சத்தம்: டியூனிங் பாக்ஸ் போட்ட கார்ல எலக்ட்ரிக்கல் நாய்ஸைப் பிடிப்பது எப்படி?

எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே எடிட் செய்யப்பட்டது.

போன கார் எபிசோடுக்கு அப்புறம் ஒரே மாதிரி கேள்வி நாலஞ்சு பேர்கிட்டேருந்து வந்திருக்கு. சுருக்கமா இதுதான்: "டீசல் காருக்கு வெளியில ஒரு டியூனிங் பாக்ஸ் வாங்கிப் போட்டேன். பிக்கப் சூப்பரா இருக்கு. ஆனா அன்னைக்கிலேருந்து ஸ்பீக்கர்ல ஊஊய்ங்னு ஒரு சத்தம். ஆக்சிலரேட்டர் மிதிச்சா சத்தமும் கூடவே ஏறுது. என்ன நாய்ஸ் ஃபில்டர் வாங்கலாம்?"

என் பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க.

ரெண்டு காரணம். முதல் காரணம், அந்த பாக்ஸ் சத்தம் போடுதுன்னு நீங்க நினைக்கிறீங்க. பல கார்ல பாக்ஸ் சத்தம் போடுறதே இல்லை. ஏற்கனவே கார்ல இருந்த ஒரு சத்தத்துக்கு அது பாலம் போட்டுக் கொடுத்திருக்கு. ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஸ்பீக்கர் வழியா நமக்குக் கேக்குற அதே நாய்ஸ், காதுக்குக் கேக்காத இன்னொரு ஒயர்லயும் ஓடிட்டிருக்கலாம். அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போற சென்சார் ஒயரா இருந்தா, ஹைவேல லாரியை ஓவர்டேக் பண்ற நேரத்துல வண்டி லிம்ப் மோடுக்குப் போய் இழுவையே இல்லாம நிக்கும். ஸ்பீக்கர்ல மட்டும் ஃபில்டர் போட்டுச் சத்தத்தை அமுக்கிட்டா, வீட்ல ஃபயர் அலாரம் கத்துதுன்னு அலாரத்துல இருந்து பேட்டரியைக் கழட்டுற கதைதான்.

அதனால இன்னைக்கு எபிசோடு ஃபில்டர் ரெவ்யூ இல்லை. டீபக்கிங். நம்ம ஆளுங்க பாதி பேர் கோடு எழுதுறவங்க, அதனால உங்களுக்கு இது பழக்கமான வேலைதான்.

பாக்ஸ் உள்ளே என்ன நடக்குது?

முதல்ல அந்த பாக்ஸ் என்ன பண்ணுதுன்னு பாத்துடுவோம். காமன் ரெயில் டீசல் இன்ஜின்ல, டீசலை மிக அதிக அழுத்தத்துல ஒரு குழாய்ல தேக்கி வெச்சிருப்பாங்க. அதுதான் ரெயில். அதுல ஒரு பிரஷர் சென்சார் இருக்கும். சென்சாருக்கு மூணு ஒயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். அழுத்தம் ஏற ஏற சிக்னல் ஒயர்ல வோல்டேஜ் ஏறும். பொதுவா 0.5 வோல்ட்ல இருந்து 4.5 வோல்ட் வரைக்கும்.

டியூனிங் பாக்ஸ் இந்த சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவுல உக்காந்துக்குது. நிஜ அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கம்மியா ஈசியுகிட்ட பொய் சொல்லும். ஈசியு, "அழுத்தம் பத்தலையே"ன்னு நினைச்சு ஏத்தி விடும். அதிக அழுத்தம், அதிக டீசல், அதிக டார்க். இதுதான் உங்க பிக்கப்.

இப்போ கணக்கு போடுவோம். உதாரணத்துக்கு, ஒரு சென்சார் 0.5ல இருந்து 4.5 வோல்ட்டுக்குள்ள 0 முதல் 1800 பார் வரைக்கும் காட்டுதுன்னு வெச்சுக்கோங்க. 4 வோல்ட்டுக்கு 1800 பார். அப்போ வெறும் 50 மில்லிவோல்ட் நாய்ஸ் வந்தா, அது 22 பார் அழுத்தம் மாதிரி ஈசியுவுக்குத் தெரியும். ஐடில்ல ரெயில் அழுத்தம் சுமாரா 250, 300 பார்தான். அதுல 22 பார் ஆட்டம்னா சின்ன விஷயம் இல்லை. ஈசியு தன் பங்குக்கு ஓரளவு வடிகட்டிக்கும். அதையும் தாண்டினா ஐடில் தடுமாறும், இல்லைன்னா செக் இன்ஜின் லைட் எரியும்.

மூணு கேள்வி: எங்கிருந்து, எது வழியா, எதுக்கு?

எலக்ட்ரிக்கல் நாய்ஸ்னா எப்பவுமே மூணு பேர் இருப்பாங்க. நாய்ஸை உண்டாக்குறவர், அது வர்ற வழி, அதனால பாதிக்கப்படுறவர். இந்த மூணுல எந்த ஒண்ணை வெட்டினாலும் பிரச்சனை போயிடும்.

உண்டாக்குறவங்க கார்ல நிறைய பேர். ஆல்டர்னேட்டர் (நம்ம மெக்கானிக் அண்ணன்கள் டைனமோன்னு சொல்லுவாங்க), பெட்ரோல் கார்னா இக்னிஷன் காயில், டீசல் கார்னா இன்ஜெக்டர், ஃபியூவல் பம்ப் மோட்டார், ரேடியேட்டர் ஃபேன், அப்புறம் அந்த பாக்ஸுக்குள்ள 12 வோல்ட்டைக் குறைச்சுத் தர்ற சின்ன சர்க்யூட்.

இது புதுப் பிரச்சனையும் இல்லை. 1930ல அமெரிக்காவுல கால்வின் கம்பெனி மோட்டோரோலாங்குற பேர்ல கார் ரேடியோ கொண்டு வந்தப்பவே, அவங்க பெரிய தலைவலி இக்னிஷன்ல இருந்து வந்த கரகர சத்தம்தான். கார் வாங்கும்போது வர்ற ஒயரிங், எது எது பக்கத்துல போகலாம், எது எங்க எர்த் ஆகணும்னு யோசிச்சு, டெஸ்ட் பண்ணி வர்றது. இந்தியாவுல இதுக்கு ஏஐஎஸ் 004னு தரநிலையே இருக்கு. நாம அதுக்குள்ள புதுசா ஒரு பெட்டியையும் நாலு ஒயரையும் நுழைக்கிறோம். அந்தக் காருக்கு நடந்த டெஸ்ட், இந்தப் புது ஒயரிங்கோட நடக்கலை.

முதல் கருவி உங்க காது

மல்டிமீட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி சத்தத்தைக் கேளுங்க. அதுலயே பாதி விடை இருக்கு.

ஒண்ணு: ஆர்பிஎம் ஏறினா கூடவே ஸ்ருதி ஏறுற விசில். இது ஆல்டர்னேட்டர். அதுக்குள்ள மூணு ஃபேஸ் ஏசி உண்டாகி, டயோட் வழியா டிசி ஆகுது. ஆனா முழுசா வழவழன்னு டிசி ஆகாது, மேல சின்ன அலை இருக்கும். கணக்கு பாருங்க: பெரும்பாலும் 12 துருவம், அதாவது 6 ஜோடி. மூணு ஃபேஸைத் திருத்தும்போது ஒரு சுழற்சிக்கு 6 அலை. மொத்தம் ஒரு சுத்துக்கு 36 அலை. இன்ஜின் ஒரு சுத்து சுத்தினா ஆல்டர்னேட்டர் சுமாரா ரெண்டரை சுத்து சுத்தும். ஐடில்ல 800 ஆர்பிஎம்னா, அது 2000 ஆர்பிஎம், நொடிக்கு 33 சுத்து. பெருக்கினா 1200 ஹெர்ட்ஸ். 2400 ஆர்பிஎம்ல 3600 ஹெர்ட்ஸ். நம்ம காது நல்லா கேக்குற இடம். அதான் அவ்ளோ எரிச்சல்.

ரெண்டு: டிக்டிக்டிக்னு ஆர்பிஎம்மோட வேகம் கூடுற சத்தம். பெட்ரோல் கார்ல இது இக்னிஷன். நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு ஸ்பார்க். 900 ஆர்பிஎம்ல நொடிக்கு 30, 3000ல நொடிக்கு 100. டீசல்ல ஸ்பார்க் கிடையாது, அங்க இது மாதிரி கேட்டா இன்ஜெக்டர் ஒயரைச் சந்தேகப்படுங்க.

மூணு: ஆர்பிஎம் என்ன ஆனாலும் மாறாத ஒரே சீரான இரைச்சல், முக்கியமா ரேடியோல மட்டும். இதுதான் நிஜமாவே பாக்ஸ் போடுற சத்தமா இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே 12 வோல்ட்டை 5 வோல்ட்டாவோ 3.3 வோல்ட்டாவோ மாத்துற ஸ்விட்சிங் சர்க்யூட் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகும். அந்த வேகம் ஏஎம் ரேடியோ பேண்டு கிட்ட வரும். அதனால கார் ஸ்டீரியோல ஏஎம் இருந்தா, ஸ்டேஷன் இல்லாத இடத்துல வெச்சுட்டு பாக்ஸை ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க. காசில்லாத நாய்ஸ் டிடெக்டர் அதுதான். ஏஎம் இல்லைன்னா, பேட்டரில ஓடுற பழைய பாக்கெட் ரேடியோவை பாக்ஸ் பக்கத்துல கொண்டு போனாலும் போதும்.

ஒரு நேர்ட் ட்ரிக் சொல்றேன். போன்ல ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆப் போட்டுக்கோங்க. வண்டி நின்ன இடத்துலயே ஒரு நண்பரை ஆக்சிலரேட்டரை 1000, 1500, 2000 ஆர்பிஎம்ல பிடிக்கச் சொல்லி, விசிலோட ஹெர்ட்ஸைக் குறிச்சுக்கோங்க. நம்ம கணக்குப்படி ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட ஆர்பிஎம்மைப் போல ஒன்றரை மடங்கு வரணும். புல்லி அளவு மாறினா அந்த மடங்கு மாறும், ஆனா மூணு அளவுலயும் ஒரே மடங்கா இருக்கணும். இருந்தா, உண்டாக்குறவர் ஆல்டர்னேட்டர். கேஸ்ல ஒரு ஆளை அடையாளம் கண்டாச்சு. கதவு, ஜன்னல் திறந்த வெளியில வண்டியை நிறுத்திப் பண்ணுங்க. மூடின பார்க்கிங்ல இன்ஜின் ஓட வேண்டாம், புகை ஆபத்து.

அப்போ பாக்ஸ் மேல என்ன தப்பு?

ஆல்டர்னேட்டர் பாக்ஸுக்கு முன்னாடியும் இருந்துச்சே, அப்போ சத்தம் வரலையேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இதுக்குள்ளதான் விஷயமே இருக்கு.

நாம எல்லாரும் மனசுல வெச்சிருக்கிற படம் இது: கார் பாடி முழுக்க எர்த், எங்க தொட்டாலும் 0 வோல்ட். சர்க்யூட் படத்துல அப்படித்தான் வரைவாங்க. நிஜத்துல எர்த்ங்குறது ஒரே இடம் இல்லை. இன்ஜின் பிளாக் ஒரு எர்த், பாடி ஒரு எர்த், பேட்டரி நெகட்டிவ் ஒரு எர்த். இதையெல்லாம் தடிமனான ஒயரும் பின்னல் ஸ்ட்ராப்பும் இணைக்குது. ஆல்டர்னேட்டர் இன்ஜின்ல போல்ட் ஆகியிருக்கிறதால, கார்ல ஓடுற மொத்த கரன்ட்டும் அந்த ஸ்ட்ராப் வழியாத்தான் அதுக்குத் திரும்பிப் போகணும். ஹெட்லைட், ஏசி ப்ளோயர், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் ஓடினா சுலபமா 40, 50 ஆம்பியர். ஸ்ட்ராப்ல வெறும் 0.005 ஓம் தடை இருந்தாலே, 50 ஆம்பியருக்கு 0.25 வோல்ட் வித்தியாசம் வந்துடும். அந்த வித்தியாசத்து மேலதான் நம்ம 1200 ஹெர்ட்ஸ் அலை சவாரி பண்ணும்.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. மொட்டை மாடி டேங்க்ல இருந்து ஒரே பைப்ல நாலு வீட்டுக்குத் தண்ணி. கீழ் வீட்ல குழாயைத் திறந்தா மேல் வீட்டு ஷவர்ல தண்ணி குறையும். ரெண்டு வீட்டுக்கும் எந்தச் சண்டையும் இல்லை, பைப் பொதுவா இருக்கு, அவ்ளோதான். எர்த் ஒயரும் அதே மாதிரி பொதுப் பைப்.

இப்போ பாக்ஸைக் கொண்டு வருவோம். பாக்ஸோட ஒரு பக்கம் ரெயில் சென்சார் வழியா ஈசியுவோட சென்சார் எர்த்ல இணையுது. இன்னொரு பக்கம் அதோட பவர் எர்த். அதை மாட்டுனவர் வசதிக்காக, ஸ்டீரியோ பின்னாடி இருக்கிற எர்த் ஒயர்ல சேர்த்துட்டா என்ன ஆகும்? இதுவரை சந்திக்காத ரெண்டு எர்த்தும் பாக்ஸ் வழியா கை குலுக்கிக்குது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற அந்த வித்தியாசம், இப்போ மெல்லிசான சென்சார் எர்த் ஒயர் வழியா, பாக்ஸ் வழியா, ஸ்டீரியோ எர்த் வரைக்கும் கரன்ட் ஓட்டும். ஒரு முனைல ஸ்பீக்கர் விசிலடிக்கும். இன்னொரு முனைல சென்சாரோட 0 வோல்ட் ஆடும். சென்சார் எர்த் ஆடினா அளவும் ஆடும்.

இதைத்தான் எர்த் லூப்னு சொல்றாங்க. ஸ்பீக்கர் சத்தமும் ஐடில் தடுமாற்றமும் ஒண்ணா ஆரம்பிச்சிருந்தா, ரெண்டும் ஒரே வியாதியா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனாலதான் ஸ்பீக்கருக்கு மட்டும் மருந்து வாங்காதீங்கன்னு சொன்னேன்.

பாதி பாதியா வெட்டுவோம்

கிட் பைசெக்ட் பண்ணியிருப்பீங்க இல்ல, அதேதான். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் அதே ஆர்பிஎம், அதே வால்யூம், அதே லைட் லோடு. நோட்ல எழுதுங்க.

முதல் படி: போன் சார்ஜர், டேஷ்கேம், லேப்டாப் சார்ஜர், ஆக்ஸ் கேபிள் எல்லாத்தையும் பிடுங்குங்க. போன் சார்ஜ்லயும் இருக்கு, ஆக்ஸ் கேபிள்லயும் இருக்குன்னா அதுவே ஒரு எர்த் லூப். பாக்ஸ் மேல வீண் பழி. டியூனிங்குக்கு யுஎஸ்பி கேபிள்ல லேப்டாப் மாட்டுறவங்க, கனெக்‌ஷன் அடிக்கடி கட் ஆகுதுன்னா, சார்ஜரைக் கழட்டி லேப்டாப் பேட்டரிலயே ஓட்டிப் பாருங்க.

ரெண்டாவது படி: இன்ஜினை ஆஃப் பண்ணி, பாக்ஸை முழுசா கழட்டி, சென்சாரை ஃபேக்டரி கனெக்டர்லயே திரும்ப மாட்டுங்க. நிறைய பாக்ஸோட ஒரு பைபாஸ் பிளக் தருவாங்க, அதையும் பயன்படுத்தலாம். சத்தம் அப்பவும் இருந்தா பாக்ஸ் நிரபராதி, ஆல்டர்னேட்டரையும் ஸ்டீரியோ ஒயரிங்கையும் பாருங்க. சத்தம் போயிட்டா அடுத்த படி.

மூணாவது படி: சென்சார் ஃபேக்டரி கனெக்டர்லயே இருக்கட்டும். பாக்ஸுக்கு 12 வோல்ட் பவரும் எர்த்தும் மட்டும் கொடுங்க. இப்போ சத்தம் வந்தா, பவர் ஒயர் வழியாவோ காத்து வழியாவோ பாக்ஸே நாய்ஸ் பரப்புது. வரலை, சென்சார் பக்கத்தை மாட்டினதும்தான் வருதுன்னா, எர்த் லூப். சென்சாரோட 5 வோல்ட்லயே ஓடுற, தனி பவர் ஒயர் இல்லாத பாக்ஸும் உண்டு. அதுக்கு இந்தப் படி பொருந்தாது.

நாலாவது படி: சாவி ஆன், இன்ஜின் ஆஃப். ஓபிடி ஸ்கேனர்ல ரெயில் பிரஷரைப் பாருங்க. இன்ஜின் நின்னு கொஞ்ச நேரம் ஆகியிருந்தா அது பூஜ்யம் கிட்ட ஆடாம நிக்கணும். இப்பவே ஆடுதுன்னா ஆல்டர்னேட்டர் காரணமா இருக்க முடியாது, அது சுத்தவே இல்லையே. பாக்ஸோ லூஸ் கனெக்‌ஷனோதான். ஸ்கேனர்ல கோடையும் படிச்சு எழுதிக்கோங்க: பி 0087னா ரெயில் அழுத்தம் ரொம்பக் கம்மி, பி 0088னா ரொம்ப அதிகம், பி 0191னா சென்சார் சிக்னல் நம்புற மாதிரி இல்லை. கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃபிரேம் டேட்டாவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க.

மல்டிமீட்டர்: ஓம் வேண்டாம், மில்லிவோல்ட் பாருங்க

எர்த் நல்லாருக்கான்னு பாக்க எல்லாரும் பஸ்ஸர் மோடுல வெச்சு பீப் வருதான்னு பாப்பாங்க. பீப் வந்தா எர்த் ஓகேன்னு அர்த்தம் இல்லை. முப்பது இழை ஒயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டிருந்தாலும் பீப் வரும். லோடு ஏறும்போதுதான் அது தடுமாறும்.

சரியான வழி: இன்ஜின் ஓடட்டும். ஹை பீம், ப்ளோயர், டிஃபாகர் எல்லாம் ஆன். மீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வைங்க. கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல. கிளாம்ப் மேல இல்லை, கம்பத்து மேலயே. சிவப்பு முனையை வரிசையா வைங்க: இன்ஜின் பிளாக், பாடி, பாக்ஸோட எர்த், ஸ்டீரியோவோட உலோகக் கூடு. எங்கயும் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. சென்சார் எர்த் பக்கம் அதுல பாதிக்குள்ள இருந்தா நல்லது. பெல்ட், ஃபேன் பக்கம் கை, துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எதுவும் போகாம பாத்துக்கோங்க.

ஒரு நண்பர் கார்ல இதைப் பண்ணிப் பாத்தோம். பாக்ஸ் எர்த்ல 380 மில்லிவோல்ட். லக்கை கழட்டினா, பெயின்ட் அடிச்ச பிராக்கெட் மேல அப்படியே போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. உப்புத்தாள் போட்டுப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளன்னு உலோகம் தெரிஞ்சதும் திரும்ப இறுக்கினோம். 60க்கு வந்துச்சு. அப்புறம் அந்த ஒயரை பேட்டரி நெகட்டிவ் பக்கத்துல இருக்கிற ஃபேக்டரி எர்த் பாயின்ட்டுக்கே கொண்டு போனதும் 20. விசில் போயிடுச்சு. செலவு, ஒரு லக்கும் ரெண்டு மீட்டர் ஒயரும். ஈசிஆர், பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கத்துல வண்டி நிறுத்துறவங்க கிளாம்பையும் கழட்டிப் பாருங்க. உப்புக் காத்துல செம்பு பச்சை பூத்திருக்கும். சுத்தம் பண்ணி, மாட்டின பிறகு மேல கொஞ்சம் கிரீஸ் தடவினா போதும்.

அடுத்து ஆல்டர்னேட்டர் அலை. மீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு பேட்டரி ரெண்டு கம்பத்துலயும் பிடிங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி. 0.5ஐத் தாண்டினா உள்ளே டயோட் போயிருக்கலாம், ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க. ஆனா ஒரு எச்சரிக்கை: இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் மீட்டர் இதுக்கு உதவாது. அதுல ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்ல இருந்துதான் ஆரம்பம். அதுவும் டிசியை ஏசின்னு தப்பாக் காட்டும். உங்க மீட்டர் 12 வோல்ட் பேட்டரில 25 வோல்ட் ஏசின்னு காட்டி, முனையை மாத்தினா 0 காட்டுச்சுன்னா, குத்தம் மீட்டர் மேல.

ஒயர் போற பாதை

எர்த் சரி பண்ணியும் தடுமாற்றம் மிச்சம் இருந்தா, ஒயர் எங்க போகுதுன்னு பாருங்க. டீசல் இன்ஜெக்டர் ஒயர்ல ஈசியு 50 வோல்ட்டுக்கு மேல ஏத்தி, நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரத்துக்குப் பெரிய கரன்ட்டைத் தள்ளும். இன்ஜின் ஓடும்போது அந்த ஒயரைத் தொடவே தொடாதீங்க. அதோட பாக்ஸ் ஒயரையும் சேர்த்து ஒரே டேக்ல கட்டியிருந்தா, அந்தத் துடிப்பு சிக்னல் ஒயர்ல எட்டிப் பாக்கும். பிரிச்சு ஒரு சாண் தள்ளிக் கொண்டு போங்க. குறுக்கே தாண்டியே ஆகணும்னா நேர் செங்குத்தா தாண்டுங்க.

சிக்னல் ஒயரையும் அதோட எர்த் ஒயரையும் முறுக்கிக் கொண்டு போறது இன்னும் நல்லது. ஒவ்வொரு முறுக்குலயும் வெளி நாய்ஸ் எதிர் எதிர் திசைல தூண்டப்பட்டு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். ஷீல்டு ஒயர் போட்டா ஷீல்டை ஈசியு பக்கம் ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணுங்க. ரெண்டு முனைலயும் பண்ணினா, புதுசா இன்னொரு எர்த் லூப்பை நீங்களே கட்டிட்டீங்கன்னு அர்த்தம்.

பெட்ரோல் கார்க்காரங்க ஸ்பார்க் பிளக்கையும் பாருங்க. என்ஜிகே பிளக்னா பார்ட் நம்பர்ல 'ஆர்' எழுத்து இருக்கும், உள்ளே ரெசிஸ்டர் இருக்குன்னு அர்த்தம். அது இல்லாத பிளக் நாய்ஸ் கொட்டும்.

வாய்ஸ் நோட்ல வந்த கேள்விகள்

"கிரவுண்டு லூப் ஐசோலேட்டர் வாங்கி மாட்டலாமா?" ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவுல மாட்டலாம், சத்தம் போகும். ஆனா அது உள்ளே வெறும் ட்ரான்ஸ்ஃபார்மர். ஏசியை மட்டும்தான் கடத்தும். சென்சார் சிக்னல் டிசி, அதுல மாட்டவே முடியாது. ஆக உங்க காது தப்பிக்கும், இன்ஜின் தப்பிக்காது.

"ஃபெரைட் கிளிப் போடலாமா?" பாக்ஸோட பவர் ஒயர்ல ரெண்டு மூணு சுத்து சுத்திப் போட்டா ரேடியோ இரைச்சல் குறையும். மெகாஹெர்ட்ஸ் அளவுலதான் அதுக்கு பலம். 1200 ஹெர்ட்ஸ் விசிலுக்கு அது வெறும் அலங்காரம்.

"சிக்னல் ஒயர்ல ஒரு கெப்பாசிட்டர் போட்டா?" வேண்டாம். 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தா 10 மில்லிசெகண்ட் தாமதம். 3000 ஆர்பிஎம்ல இன்ஜின் ஒரு சுத்து சுத்த 20 மில்லிசெகண்ட்தான். அதாவது ஈசியு அரை சுத்து பழைய செய்தியை வெச்சு முடிவெடுக்கும். நாய்ஸ் போயிடும், கூடவே உண்மையும் போயிடும்.

"மெக்கானிக் இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழட்டி டைனமோ செக் பண்றாரே?" தயவுசெஞ்சு விடாதீங்க. பேட்டரிதான் வோல்டேஜ் எகிறாம தாங்கிப் பிடிச்சிட்டிருக்கு. அதைத் திடீர்னு கழட்டினா, லோடு டம்ப்னு சொல்ற நிலைமைல லைன் வோல்டேஜ் 80, 100 வோல்ட் வரைக்கும் போகலாம். பாக்ஸ் மட்டும் இல்லை, ஈசியுவே போயிடும்.

எப்போ கழட்டி வைக்கணும்?

சில விஷயங்கள்ல பேரம் கிடையாது. பாக்ஸ் பவர் ஒயர்ல பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். இல்லைன்னா ஒயர் உரசி பாடில பட்ட அன்னைக்கு நாய்ஸ் வராது, புகைதான் வரும். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் ஒயர் எல்லாம் ஏர்பேக்கோடது, அதுல பவர் எடுக்கவோ மீட்டர் வைக்கவோ கூடாது. டீசல் பைப் நட்டுல கையே வைக்காதீங்க, அந்த அழுத்தத்துல வர்ற டீசல் தோலைத் துளைக்கும். லாகிங் எடுக்கிறவர் ஓட்டக் கூடாது, ஓட்டுறவர் லேப்டாப் பாக்கக் கூடாது.

புது பாக்ஸ் வாங்குறவங்க, லேபிள்ல ஒரு வட்டத்துக்குள்ள ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கான்னு பாருங்க. ஐநா வாகன விதிகள்படி ஒப்புதல் வாங்கின முத்திரை அது. விலை, குதிரைசக்தி ரெண்டையும் பாக்குற நாம, இதைப் பாக்குறதே இல்லை. இன்னொண்ணு, வெளி பாக்ஸ் போட்ட வண்டில இன்ஜின் பிரச்சனை வந்தா வாரன்ட்டி கிளெய்ம் கஷ்டம். அதைத் தெரிஞ்சே முடிவெடுங்க.

இவ்வளவும் பண்ணின பிறகும், பாக்ஸ் மாட்டினா ரெயில் பிரஷர் ஆடுது, கழட்டினா அமைதியா இருக்குன்னா, முடிவு எளிது. கழட்டி வைங்க. ஸ்பீக்கர் விசிலோட வாழ்ந்துடலாம். சென்சார் சிக்னல் ஆடுற வண்டியோட ஹைவே ஏற வேண்டாம். எப்பவும் நடக்குற பிரச்சனையைவிட எப்பவாவது நடக்குற பிரச்சனைதான் ரோட்ல ஆபத்து, ஏன்னா அதுக்கு நீங்க தயாரா இருக்க மாட்டீங்க.

வரிசையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: கேளுங்க, கழட்டுங்க, எர்த்தை அளங்க, ஒயர் பாதையைப் பாருங்க. பர்ஸ் திறக்கிறது அதுக்கு அப்புறம்தான்.

உங்க கார் சத்தத்தை ரெக்கார்டு பண்ணி அனுப்புறவங்க, எந்த ஆர்பிஎம்ல எடுத்தது, லைட் ஆன்ல இருந்துச்சா, பாக்ஸ் எர்த் எங்க போட்டிருக்குன்னு மூணு விஷயம் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல அதுல சிலதைப் போட்டுக் காட்டி, கண்டுபிடிக்க முடியுதான்னு சேர்ந்தே பாப்போம்.